தோற்பது விரல் அல்ல

இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்மீது முதல் வாரத்திலேயே ஒரு தீர்ப்பு விழுந்துவிடுகிறது. வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக், கைபேசியில் பிஜிஎம்ஐ என எதுவானாலும் சரி, நாலு சுற்றில் தொடர்ந்து செத்தால் மைக்கில் ஒரு குரல் வரும்: "ப்ரோ, உனக்கு எய்ம் இல்ல."

அந்த ஒரு வரிக்குப் பின்னால் முழுக் கொள்கையே இருக்கிறது. இவை விரல் வேகத்தின் விளையாட்டுகள். அந்த வேகம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது. வாய்க்காதவர் இரவு பகலாக ஆடித்தான் ஈடுகட்ட வேண்டும். இருபத்தைந்து வயது தாண்டியவருக்கு அந்த வழியும் அடைபட்டது. ஆடுகிறவர்கள், ஆட்டத்தை ஒளிபரப்புகிறவர்கள், மவுஸ் விற்கிறவர்கள் என எல்லோரும் இதையே சொல்கிறார்கள். புதியவரும் நம்பிவிடுகிறார். பலர் ஒரே மாதத்தில் விளையாட்டை விட்டுப் போகிறார்கள். மீதிப் பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

இந்தக் கொள்கை தவறானது. புதியவர் தோற்பதற்குக் காரணம் அவருடைய விரல் மெதுவாக இருப்பதல்ல. எதிரி எங்கிருந்து வரக்கூடும், வரும்போது நான் எங்கே நிற்க வேண்டும், என் துப்பாக்கி எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற முன்யோசனை இல்லாததுதான் காரணம். அது யாரும் கற்கக்கூடியது, யாருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடியது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றிலிருந்தே தொடங்குவோம். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி விளையாட்டை ஆடிய 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசிய ஆய்வு அது. திரையில் புதிய காட்சி வந்ததற்கும் ஆட்டக்காரரின் முதல் செயலுக்கும் உள்ள இடைவெளி 24 வயதுக்குப் பிறகு மெல்ல நீளத் தொடங்குகிறது என்று அது கண்டது. அதை நான் மறுக்கவில்லை. அதே ஆய்வில், வயதில் மூத்தவர்கள் எளிய வழிமுறைகளைக் கைக்கொண்டு அந்தத் தாமதத்தை ஈடுகட்டுவதற்கான தடயங்களும் இருந்தன. தலைப்பை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

சரி, வேகக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது? கண்ணில் பட்ட ஒன்றுக்கு விரலை அழுத்தச் சராசரி மனிதருக்கு ஏறத்தாழ 250 மில்லி நொடி ஆகிறது. நல்ல வேகக்காரருக்கு 200 ஆகலாம். இருவருக்கும் உள்ள வித்தியாசம் 50 மில்லி நொடி. பிறவித் திறமை என்று சொல்லப்படுவது, பெரும்பாலான ஆட்டக்காரர்களிடையே, இந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது புதியவர் சாகும் விதத்தைப் பாருங்கள். அவர் ஓடிக்கொண்டே ஒரு மூலையைத் திரும்புகிறார். திரையின் நடுவில் உள்ள குறிப்புள்ளியான கிராஸ்ஹேர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிரி தெரிகிறான். தெரிந்தபின் மவுஸை மேலே இழுக்க வேண்டும், பக்கவாட்டில் திருத்த வேண்டும், ஓட்டத்தை நிறுத்த வேண்டும், பிறகு சுட வேண்டும். வேலரண்டிலும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டுகள் சிதறும். விளையாட்டின் விதியே அது. எதிரில் நிற்பவரோ ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய கிராஸ்ஹேர் அதே மூலையில், தலை உயரத்தில் காத்திருக்கிறது. அவர் செய்ய வேண்டியது ஒரு கிளிக் மட்டுமே. இந்த இருவரின் இடத்தை மாற்றி வையுங்கள், மெதுவான விரல்காரரே வெல்வார். நாலு வேலை பாக்கி இருப்பவரை 50 மில்லி நொடி காப்பாற்றாது.

வேலரண்டின் கணக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே ஓர் ஆட்டக்காரரின் உயிர் 100. கனமான கவசம் போட்டால் 150. வேண்டல் துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால் 160 போகும், அதுவும் எந்தத் தூரத்திலும். உடம்பில் பட்டால் 40 மட்டுமே, ஆக நாலு குண்டு வேண்டும். எந்தக் கதாபாத்திரத்தை எடுத்தாலும் குண்டு படும் உடல் அளவு ஒன்றுதான். ஆகவே சமதரையில் எதிரியின் தலை எந்த உயரத்தில் வரும் என்பது அவன் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். அந்த உயரத்தில் கிராஸ்ஹேரைப் பிடித்தபடி நடப்பது ஒரு பழக்கம். அதற்கு வேகம் எதுவும் தேவையில்லை.

வேகம்கூட ஓரளவு அறிவைச் சார்ந்ததுதான். உளவியலாளர் ஹிக் 1952-இல் காட்டிய ஓர் உண்மை உண்டு. எதிர்பார்க்க வேண்டிய சாத்தியங்களின் எண்ணிக்கை கூடக்கூட மனிதர் எதிர்வினை செய்யும் நேரமும் கூடுகிறது. எதிரி ஆறு இடங்களில் எங்கிருந்தும் வரலாம் என்று நினைப்பவரைவிட, இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்துதான் வருவான் என்று அறிந்தவரின் விரல் வேகமாக அசையும். மேப்பைப் படித்தவருக்கு, காலடிச் சத்தத்தைக் கேட்டவருக்கு, திரை மூலையில் உள்ள சிறு வரைபடத்தைப் பார்த்தவருக்கு ஆறு இரண்டாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் அவரைப் பிறவி வேகக்காரர் என்கிறார். அவரோ முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தவர்.

கிரிக்கெட்டில் இது பல காலமாகத் தெரிந்த உண்மை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற அது போதவே போதாது. பந்து கையை விட்டுப் போகும் கணத்தோடு காணொளியை நிறுத்தி, எங்கே விழும் என்று கேட்கும் சோதனைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னதி போன்றோர் நடத்தினார்கள். தேர்ந்த மட்டையாளர்கள் வீச்சாளரின் உடலசைவிலிருந்தே புதியவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். நல்ல மட்டையாளர் பந்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார். நல்ல துப்பாக்கி ஆட்டக்காரரும் எதிரி தெரியும் முன்பே தொடங்கிவிடுகிறார்.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் மறைந்துபோகிறது? யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சுற்றும், மாண்டேஜ் எனப்படும் வெட்டி ஒட்டிய காணொளிகள் முக்கியக் காரணம். ஒருவர் திரும்புகிறார், மூன்று ஹெட்ஷாட், பின்னணியில் தீம் மியூசிக். அந்தச் சில நொடிகளுக்கு முன்னால் அவர் ஷிப்டை அழுத்திச் சத்தமில்லாமல் நடந்தது, கூட்டாளி ஒருவர் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் வீசியது, இன்னொருவர் ஸ்மோக் என்ற புகைத்திரை போட்டு ஒரு பக்கத்தை அடைத்தது எல்லாம் வெட்டப்பட்டுவிடும். பலனை மட்டும் பார்த்துப் பழகிய கண், பலனுக்குக் காரணம் விரல்தான் என்று முடிவுகட்டுகிறது. புதியவர் அந்த மூன்று ஹெட்ஷாட்டைப் பயிற்சி செய்யப் போகிறார். கற்க வேண்டியது வெட்டி எறியப்பட்ட பகுதியில் இருக்கிறது.

கைபேசியில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது. பிஜிஎம்ஐயில் பெரும்பாலோர் ஆடுவது, ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் முறையில். அதில் சுவருக்குப் பின்னால் நிற்பவர் தன்னை வெளிக்காட்டாமலே அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். வெட்டவெளியில் ஓடி வருபவருக்கு அந்த வசதி கிடையாது. நிற்பவர் ஓடுபவரைக் கண்டு, தயாராகி, தனக்கு வசதியான நேரத்தில் வெளியே வந்து சுடுகிறார். செத்தவர், கைபேசியைச் சாய்த்துக் குறிவைக்கும் ஜைரோ அமைப்பை மாற்றுகிறார், நாலு விரல் பிடிக்குப் போகிறார். அவர் மாற்ற வேண்டியது, களத்தின் பாதுகாப்பு வட்டம் சுருங்குவதற்குள் எந்த வழியாக, எந்த மறைவிலிருந்து எந்த மறைவுக்குப் போவது என்ற திட்டத்தை.

ஒரு குண்டும் சுடாமலே தோற்கும் சுற்றுகளும் உண்டு. வேலரண்டில் முதல் சுற்று, ஆயுதம் வாங்குவதற்கான 800 கிரெடிட்டுடன் தொடங்குகிறது. அதை முழுக்கச் செலவழித்து, யாரையும் வீழ்த்தாமல் தோற்றால் கைக்கு 1,900 வரும். வேண்டல் 2,900, கனமான கவசம் 1,000, இரண்டும் சேர்ந்து 3,900. இரண்டாம் சுற்றில் ஐந்து பேரும் பொறுத்துக்கொண்டால், தோற்றாலும் 2,400 வந்து கையில் 4,300 ஆகும். மூன்றாம் சுற்றில் முழு ஆயுதத்தோடு நிற்கலாம். பொறுக்காமல் 1,900-ஐயும் அரைகுறைத் துப்பாக்கிக்குக் கொடுத்துத் தோற்றவரிடம் மூன்றாம் சுற்றில் 2,400 மட்டுமே இருக்கும். வேண்டலே வாங்க முடியாது. கூட்டாளிகள் முழு ஆயுதத்தோடு போகும் சுற்றில் அவர் மட்டும் கவசமின்றிப் போய்ச் சாகிறார். அப்போதும் மைக்கில் கேட்பது "எய்ம் இல்ல" என்பதுதான். அவரிடம் இல்லாமல் போனது 1,500 கிரெடிட்.

வேலரண்டில் ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைத்த பிறகு நடப்பதையும் பாருங்கள். வெடிக்க 45 நொடி. செயலிழக்கச் செய்ய 7 நொடி. வைத்த அணிக்கு இனி எதிரியைத் தேடிப் போகவேண்டிய கட்டாயமே இல்லை, எதிரிதான் வந்தாக வேண்டும். வந்தவன் 7 நொடி அசையாமல் இருக்க வேண்டும். புதியவர் இந்த நேரத்தில்தான் கொலைக்கணக்கைக் கூட்ட ஓடுகிறார். தனியாகச் சிக்கிச் சாகிறார், அடுத்தவரும் தனித்துவிடப்பட்டுச் சாகிறார். மறைவில் நின்று, கூட்டாளியோடு சேர்ந்து ஸ்பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் சராசரி விரலே சுற்றை வென்று தந்திருக்கும்.

அடுத்த மூடநம்பிக்கை மணிக்கணக்கு. "ஆடிக்கிட்டே இரு, தானா வரும்" என்கிறார்கள். பத்தாயிரம் மணி நேரம் என்ற பேச்சு 2008-இல் மால்கம் கிளாட்வெல்லின் புத்தகத்தால் உலகெங்கும் பரவியது. அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்வு. அந்த எண்ணை ஒரு விதியாக்கியதை எரிக்சனே பின்னர் மறுத்தார். அவர் வலியுறுத்தியது குறை எது என்று கண்டு, அதை மட்டும் இலக்காக வைத்து, செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிந்துகொண்டு செய்யும் பயிற்சியை. இரவு முழுக்க ஒரு ரேங்க் மேட்சுக்குப் பின் இன்னொன்று என்று ஓடுவதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஓடிக்கொண்டே சுடும் பழக்கத்தோடு ஆயிரம் மணி நேரம் ஆடியவர், ஓடிக்கொண்டே சுடுவதில் ஆயிரம் மணி நேர அனுபவம் பெற்றவர் ஆகிறார். தவறும் பழகப் பழகத்தான் கெட்டிப்படுகிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 17 மில்லி நொடி, 144 ஹெர்ட்ஸில் சுமார் 7. பத்து மில்லி நொடி லாபம் உண்மையானது, கண்ணுக்கும் இதமானது. காசு இருப்பவர் வாங்கட்டும். ஆனால் மூலையில் நாலு வேலையை மிச்சம் வைத்து நுழைபவருக்கு அந்தப் பத்து எதையும் மாற்றாது. வீட்டில் சண்டை போட்டு, கடன் வாங்கி மானிட்டர் மாற்றும் இளைஞர்களிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். காசில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. மவுஸின் உணர்திறனைப் புதியவர்கள் பெரும்பாலும் மிக அதிகமாக வைத்திருக்கிறார்கள். அதைக் குறைத்து, பிறகு மாதக்கணக்கில் தொடாமல் இருந்தாலே கை அடங்கும்.

"டீம் சரியில்ல, அதனாலதான் ரேங்க் ஏறல" என்ற புலம்பலும் இதே கொள்கையின் மறுபக்கம். என் விரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே குற்றம் மற்றவர்களுடையது என்பது அதன் தர்க்கம். கணக்கு வேறு சொல்கிறது. என் அணியில் முன்பின் தெரியாதவர்கள் நாலு பேர், எதிரணியில் ஐந்து பேர். சொதப்புகிறவர் வர வாய்ப்பு அந்தப் பக்கம்தான் ஓர் இடம் அதிகம். ஒரு மேட்ச்சில் அதிர்ஷ்டம் கைவிடலாம். நூறு மேட்ச்சிலும் மாறாமல் இருக்கும் ஒரே ஆள் நான்தான்.

உச்சத்தில் ஆடுகிறவர்களைக் காட்டி மறுப்பார்கள். "சிம்பிளைப் பாருங்கள், எல்லாம் எய்ம்தான்." பார்ப்போம். உக்ரைனின் ஒலெக்சாண்டர் கோஸ்டிலியெவ், சிம்பிள் என்ற பெயரில் ஆடுபவர், கவுன்டர்-ஸ்ட்ரைக் கண்ட மிகப் பெரிய தனிமனிதத் திறமைகளில் ஒருவர். அந்தத் திறமையோடு, மேஜர் எனப்படும் உச்சப் போட்டிகளில், 2016-இல் கொலோன் மேஜர் இறுதியில் தோற்றார், 2018-இல் லண்டன் மேஜர் இறுதியில் தோற்றார். 2021-இல் ஸ்டாக்ஹோமில்தான் முதல் மேஜர் கிடைத்தது, அவரைச் சுற்றி ஒழுங்கான அணி ஒன்று அமைந்த பிறகு. லண்டனில் அவரை வென்ற டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் 2017-க்கும் 2019-க்கும் இடையில் நாலு மேஜர் வென்றது. ஸ்மோக், ஃபிளாஷ், கையெறிகுண்டு ஆகியவற்றை ஐந்து பேரும் ஒத்திசைந்து வீசும் ஒழுங்கு அந்த அணியின் அடையாளம்.

2022 மே மாதம் ஆன்ட்வெர்ப் மேஜர் இறுதியில் சிம்பிளின் அணியை வீழ்த்திய ஃபேஸ் அணிக்குத் தலைவர் காரிகன் என்ற ஃபின் ஆண்டர்சன். அப்போது அவருக்கு வயது 32. கொலைக்கணக்கில் பெரும்பாலும் தன் அணியின் கடைசி வரிசையில் நிற்பவர். எந்தப் பக்கம் போவது, எப்போது நிறுத்துவது, எதிரணி இப்போது என்ன நினைக்கிறது என்பதைப் படிப்பதுதான் அவர் வேலை. அவருக்குக் கீழே வேகமான விரல்கள் இருந்தன என்பது உண்மை. அந்த விரல்களைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் நிறுத்தியது அவருடைய தலை என்பதும் உண்மை. விரலே எல்லாம் என்றால் காரிகன் அணியிலேயே இருந்திருக்க மாட்டார்.

"அப்படியானால் எய்ம் தேவையே இல்லையா?" என்று கேட்பார்கள். தேவை. குறி வைத்துச் சுடத் தெரியாமல் எந்தச் சுற்றும் முடியாது. தினமும் கால் மணி நேரம் பயிற்சிக் களத்திலோ எய்ம் லேப்ஸ், கோவாக்ஸ் போன்ற மென்பொருளிலோ கையைப் பழக்குவது நல்லது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் அதைச் செய்கிறார்கள் என்பதும் சரி. ஆனால் அவர்கள் மற்ற எல்லாவற்றையும் கற்று முடித்தவர்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த களத்தில்தான் அந்த 50 மில்லி நொடி வெற்றி தோல்வியைப் பிரிக்கிறது. புதியவர் நிற்கும் களம் அதுவல்ல. மேலே உள்ளவரின் கடைசிப் பாடத்தைக் கீழே உள்ளவருக்கு முதல் பாடமாகக் கொடுப்பதுதான் இந்தக் கொள்கை செய்யும் பெரும் கேடு.

புதியவரின் முதல் பாடம் தன் சாவைப் பார்ப்பது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஆட்டம் முழுக்க டெமோ என்ற பதிவாகக் கிடைக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் திரையைப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மேட்ச் போதும், அதுவும் தோற்ற மேட்ச். ஒவ்வொரு சாவிலும் குண்டு பட்ட கணத்தை விட்டுவிட்டு, அதற்குப் பத்து நொடி முன்னால் போய் நிறுத்த வேண்டும். நான் ஓடிக்கொண்டிருந்தேனா? கிராஸ்ஹேர் தலை உயரத்தில் இருந்ததா? ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்குத் தெரியும்படி நின்றேனா? நான் செத்தால் உடனே பழிதீர்க்கும் தூரத்தில் கூட்டாளி இருந்தாரா? எதிரி இங்கே வருவான் என்று சொல்லும் சத்தமோ வரைபடக் குறியோ இருந்தும் நான் கவனிக்கவில்லையா? விடைகளை ஒரு தாளில் எழுதிவைத்தால், சாவுகள் பலவானாலும் காரணங்கள் சிலவே என்பது தெரியவரும். அடிக்கடி வரும் காரணம் ஒன்றை எடுத்து, அந்த வாரம் முழுக்க அதை மட்டும் திருத்த வேண்டும். மற்றவை காத்திருக்கட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இணையத் தாமதத்தின் காரணமாக, மூலையிலிருந்து திடீரென வெளிவருபவருக்கு, காத்திருப்பவரைவிட ஒரு கணம் முன்னதாகவே மற்றவர் தெரிந்துவிடுவார். ஒரே மூலையை வெறித்துக்கொண்டிருந்து செத்த புதியவர் "என் கண் மெதுவு" என்று முடிவு செய்வார். கண்ணில் குறையில்லை. எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் நின்றதுதான் குறை. ஓரடி தள்ளி நின்றிருந்தாலோ, ஒருவரை வீழ்த்தியவுடன் இடம் மாறியிருந்தாலோ அந்தச் சாதகம் எதிரிக்கு அவ்வளவு பயன்பட்டிருக்காது. காரணம் தெரிந்தவர் திருத்திக்கொள்கிறார். தெரியாதவர் தன் உடம்பின்மேல் பழி போட்டுக்கொள்கிறார்.

அந்தப் பழிதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து இரவு ஒரு மணி நேரம் ஆட வரும் முப்பத்தைந்து வயதுக்காரர், பெண் குரல் என்று தெரிந்த மறுகணம் கேலிக்கு ஆளாவதால் மைக்கை அணைத்துவைத்து ஆடும் மாணவி, பழைய மடிக்கணினியில் ஆடும் பள்ளிப் பையன் என எல்லோரிடமும் "உனக்கு இது வராது" என்று சொல்லும் கொள்கை இது. சொல்கிறவர் பெரும்பாலும் அவர்களைவிட ஒரு படி மேலே நிற்பவர், அவ்வளவுதான். அந்தப் படியை அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே விளக்கத் தெரியாது. விளக்கத் தெரியாததைப் பிறவித் திறமை என்று பெயரிட்டு அடுத்தவரின் வழியை அடைக்கிறார்.

"எய்ம் இல்ல" என்பதில் கேட்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஆகவே அது அறிவுரையே அல்ல. "நின்னு சுடு", "இந்த ரவுண்டு வாங்காத", "என் பின்னாலேயே வா, நான் செத்தா நீ அவனை அடி", "ஸ்பைக்கை விட்டு நகராத" என்பவை அறிவுரைகள். ஒவ்வொன்றும் ஒரு சில சொற்கள்தான், அடுத்த சுற்றிலேயே பலன் தரும். இந்த விளையாட்டை நேசிக்கிறேன் என்று சொல்லும் எவரும், புதியவர் ஒருவர் தன் அணியில் வந்து நிற்கும்போது இவற்றில் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்டவர்.